இருட்டில் எந்த வேகத்தில் மிதிக்கிறோம்? டைனமோ விளக்கு வாங்கும் முன் ஒரு கேள்வி

கற்கள் நிறைந்த ஓர் ஏற்றத்தில், நள்ளிரவு கடந்த பிறகு, நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக மிதித்துக்கொண்டிருந்தபோதுதான், சைக்கிள் சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் பெற்று எரியும் டைனமோ விளக்கைப் பற்றி நான் வைத்திருந்த கருத்து மாறியது. சமதளச் சாலையில் தொலைவில் இருந்த பள்ளத்தைக்கூடத் தெளிவாகக் காட்டிவந்த அதே விளக்கு, அந்த ஏற்றத்தில் துடிக்கத் தொடங்கியது. வெளிச்சம் வருவதும் மங்குவதுமாக இருந்ததால், முன்சக்கரத்துக்கு எதிரே கிடந்த கற்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் இடம் மாறுவதுபோலத் தெரிந்தன. எந்தக் கல்லுக்கு விலகுவது என்று முடிவெடுப்பதற்குள் சக்கரம் அதன்மேல் ஏறிச் சறுக்கியது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்; நடக்கும்போது வெளிச்சம் இன்னும் குறைந்தது.

விளக்கில் எந்தப் பழுதும் இல்லை. அது சாலைக்காகச் செய்யப்பட்ட மிக நல்ல விளக்கு. நான் அதைக் கொண்டுபோன இடம்தான் வேறு. சாலையிலும் காட்டுப் பாதையிலும் இரவில் ஓட்டுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த விளக்கு அதிக வெளிச்சம் தரும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இருட்டில் நீங்கள் ஓட்டக்கூடிய மிகக் குறைந்த வேகம் என்ன, அந்த வேகத்தில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? டைனமோவில் வெளிச்சம் என்பது வேகத்தின் விளைவு. பேட்டரி விளக்கு வாங்குபவருக்கு எழாத இந்தக் கேள்வியை டைனமோ வாங்குபவர் தவிர்க்கவே முடியாது.

டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் பழைய புட்டி வடிவ டைனமோவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. மழையில் அதன் உருளை வழுக்கும், சேற்றில் இன்னும் வழுக்கும், டயரையும் தேய்க்கும். காட்டுப் பாதைக்கு அது பொருந்தாது. சாலையிலும் நீண்ட இரவுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இனி டைனமோ என்று சொல்வதெல்லாம் முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள்ளேயே அமைந்த ஹப் டைனமோவைத்தான். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1930-களிலேயே டைனோஹப் என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஹப் டைனமோவில் கம்பிச்சுருள் அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்க, அதைச் சுற்றிக் காந்தங்கள் சக்கரத்தோடு சுழல்கின்றன. அதன் பெயரளவுத் திறன் 6 வோல்ட், 3 வாட். அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய அரை ஆம்பியர் மின்னோட்டம். வேகம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அப்படி நடப்பதில்லை. வேகம் கூடும்போது மின்னழுத்தம் கூடுகிறது. அதே சமயம் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் கூடுவதால், சுருள் அந்த மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்தே கூடுகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிட, மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நின்றுவிடுகிறது. இறக்கத்தில் பாய்ந்து வரும்போதும் விளக்கு எரிந்துபோகாமல் இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்த ஒரு தன்மையிலிருந்து விளக்கின் நடத்தை முழுவதையும் ஊகித்துவிடலாம். ஒரு வெள்ளை எல்இடி ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். அரை ஆம்பியர் பாயும்போது அது 1.5 வாட் எடுத்துக்கொள்கிறது. தொடராக இரண்டை இணைத்தால் 3 வாட், மூன்றை இணைத்தால் 4.5 வாட். ஆகவே போதிய வேகம் இருக்கும்வரை 3 வாட்டுக்கு மேலேயே ஹப்பிலிருந்து பெற முடியும். ஆனால் மூன்று எல்இடிகளைத் தொடராக எரிய வைக்க 9 வோல்ட் வரை எழ வேண்டும். மெதுவாகச் சுழலும் சக்கரம் அதைத் தராது. வேகத்தில் பிரமாதமாகப் பிரகாசிக்கும் விளக்கு ஏற்றத்தில் ஏமாற்றுவதும், எளிய விளக்கு ஏற்றத்தில் முன்னதாகவே எரியத் தொடங்குவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றைக் கொண்டு இந்த இடைவெளியைக் குறைக்கலாம். முற்றிலும் இல்லாமல் ஆக்க முடியாது.

துடிப்புக்கும் கணக்கு உண்டு. 28 காந்த முனைகள் கொண்ட ஹப் ஒன்று, 2.3 மீட்டர் சுற்றளவுள்ள பெரிய சக்கரத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சுற்றுக்கு 14 முழு அலைகள். எனவே நொடிக்கு ஏறக்குறைய 10 அலைகள். அதை ஒருதிசையாக்கினால் 20 துடிப்புகள். 20 துடிப்புகளைக் கண் நன்றாகவே உணர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் அது 50 துடிப்புகளாகிறது, தொந்தரவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அன்றிரவு கற்கள் இடம் மாறுவதுபோல எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் இந்த எளிய பெருக்கல்தான். விளக்குக்குள் பெரிய மின்தேக்கி இருந்தால் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியை அது நிரப்பும். காட்டுப் பாதைக்கு விளக்கு வாங்கும்போது கடைசித் துளி வெளிச்சத்தையும் துரத்துவதைவிட, மெதுவான வேகத்தில் அது துடிக்காமல் எரிகிறதா என்று பார்ப்பதே நல்லது. முடிந்தால் அந்த விளக்கு பொருத்திய சைக்கிளை இருட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டே நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அடுத்து ஒளியின் வடிவம். சாலையையும் காட்டுப் பாதையையும் உண்மையில் பிரிப்பது வெளிச்சத்தின் அளவைவிட அதன் வடிவமே என்பது என் கருத்து.

ஜெர்மனியின் வாகன விதிகளின்படி அனுமதி பெற்ற முன்விளக்குகள், கார் விளக்குகளைப் போலவே மேல்விளிம்பில் ஒளியை வெட்டி நிறுத்துகின்றன. அனுமதி பெற்றதற்கு அடையாளமாக அவற்றின்மேல் ஓர் அலைக்கோடும் கே எழுத்தும் எண்ணும் இருக்கும். வெட்டுக்கோட்டுக்கு மேலே ஒளி மிகக் குறைவு. எதிரே வருபவரின் கண் கூசாது. வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒளி மிகச் செறிவாக இருக்கும், சைக்கிளை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வரும். தொலைவில் விழும் ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால், இப்படி ஏற்றத்தாழ்வோடு அனுப்பினால்தான் சாலை முழுவதும் ஒரே சீராக ஒளிர்வதுபோல நமக்குத் தெரியும். புஷ் உண்ட் முல்லர் நிறுவனத்தின் ஐக்யூ-எக்ஸ், ஷ்மிட் நிறுவனத்தின் எடலக்ஸ் ஆகியவை இந்த வகையில் மிகச் சிறந்தவை. வெறும் 3 வாட்டில் இவ்வளவு தொலைவுக்குச் சாலை தெரிவது ஒரு துளி ஒளிகூட வானத்துக்குப் போய் வீணாகாததால்தான்; சாலையில் இந்த விளக்குகளோடு ஓட்டும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

இங்கே லக்ஸ், லுமென் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லுமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் வந்து விழும் ஒளியின் செறிவு. சாலை விளக்குகளுக்கு அது 10 மீட்டர் தொலைவில், மிகப் பிரகாசமான புள்ளியில் அளக்கப்படுகிறது. ஐக்யூ-எக்ஸுக்குச் சொல்லப்படும் 100 லக்ஸ் அந்த ஒரு புள்ளிக்கு உரியது. தொலைவு ஐந்து மடங்கானால் செறிவு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், 50 மீட்டரில் அது 4 லக்ஸ்தான். புள்ளியைச் சுற்றி ஒளி எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. லக்ஸை வைத்து ஒரு சாலை விளக்கையும் லுமெனை வைத்து ஒரு காட்டுப்பாதை விளக்கையும் ஒப்பிட்டு வாங்குபவர் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே தராசில் நிறுத்துகிறார்.

காட்டுப் பாதையில் அந்த அழகான வெட்டுக்கோடு எதிரியாக மாறிவிடுகிறது. அதன் முதல் பாடத்தை ஒரு தாழ்ந்த கிளைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தரை தெளிவாகத் தெரிந்தது, வேர்கள் தெரிந்தன. தலை உயரத்தில் குறுக்கே நீண்டிருந்த கிளை மட்டும் இருளுக்குள் இருந்தது. ஹெல்மெட்டில் அது மோதிய ஓசை கேட்ட பிறகுதான் கிளை இருந்ததே தெரியும். இன்னொன்று: தரை ஒரு முறை குலுங்கினாலும் வெட்டுக்கோடு மேலும் கீழும் குதிக்கிறது; பாதையின் பாதி ஒவ்வொரு குலுங்கலுக்கும் இருண்டு மீள்கிறது. பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டிய இடத்திலோ, எதிரே எழும் மேடு வெட்டுக்கோட்டுக்கு மேலே போய்விடுவதால் சுத்தமாகத் தெரிவதில்லை.

அதனால் காட்டுப் பாதைக்கு எல்லாப் பக்கமும் வட்டமாக விரியும் ஒளியே வேண்டும். அமெரிக்காவின் சைன்வேவ் பீக்கன், ஆஸ்திரேலியாவின் கே-லைட் போன்றவை இந்த நோக்கத்தோடு வந்தவை. கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லைவரை பெரும்பாலும் சரளைப் பாதையில் செல்லும் டூர் டிவைட் போன்ற நெடும்பயணங்களில், மின்இணைப்பு இல்லாத நாட்கள் தொடர்ந்து வரும்போது இத்தகைய விளக்குகள் பெரிதும் கைகொடுக்கின்றன. ஆனால் இதே விளக்கைப் போக்குவரத்துள்ள சாலைக்குக் கொண்டுவந்தால் எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். ஜெர்மனியில் இவற்றைச் சாலையில் பயன்படுத்த அனுமதியும் இல்லை. அனுமதி தேவைப்படாத நாட்டில் இருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: எதிரே வரும் ஓட்டுநருக்குக் கண் தெரியாமல் போனால், அடுத்த நொடியில் ஆபத்து நமக்குத்தான். வட்ட ஒளி விளக்கோடு சாலையில் செல்லும்போது அதைக் கீழ்நோக்கித் திருப்பிவைப்பதை நான் கடமையாகவே கருதுகிறேன்.

இரண்டையும் கலந்து ஓட்டுபவர் என்ன செய்வது? பயணத்தின் பெரும்பகுதி சாலையாக இருந்தால், வெட்டுக்கோடு உள்ள டைனமோ விளக்கை அடிப்படையாக வைத்து, காட்டுப் பகுதிக்கு மட்டும் ஹெல்மெட்டில் ஒரு சிறு பேட்டரி விளக்கைச் சேர்த்துக்கொள்வதே நான் கண்ட சிறந்த வழி. கிளையை ஹெல்மெட் விளக்கு காட்டும். கூரிய வளைவில் கைப்பிடி திரும்பும் முன்பே நம் பார்வை போகும் பக்கம் அதுவும் போகும். மெதுவான ஏற்றத்தில் டைனமோ துடித்தாலும் அது துடிக்காது. நெடுநேரம் எரிய வேண்டிய சுமையை டைனமோ தாங்குவதால், ஹெல்மெட் விளக்கின் பேட்டரி சில மணி நேரத்துக்குப் போதுமானதாக இருந்தால் போதும். பயணத்தின் பெரும்பகுதி காடாக இருந்தால் முறையை மாற்றி, வட்ட ஒளி டைனமோ விளக்கை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஹெல்மெட் விளக்கை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

பொருத்தும் இடம் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. அது வெளிச்சத்தையே மாற்றிவிடுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் தாழ்வாகப் பொருத்தினால் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் நீண்ட நிழல் விழும். மேடுபள்ளம் எடுப்பாகத் தெரியும். ஆனால் சிறு கூழாங்கல்கூடப் பாறைபோல மிரட்டும். கைப்பிடி உயரத்தில் பொருத்தினால் நிழல் குறுகி, தரையின் உண்மையான அளவு புரியும். ஹெல்மெட் விளக்கோ கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அதை மட்டும் நம்பினால் தரை தட்டையாகத் தெரியும், குழியின் ஆழம் புலப்படாது. தாழ்வான டைனமோ விளக்கின் நிழலும் உயரமான ஹெல்மெட் விளக்கின் வீச்சும் சேரும்போதுதான் பாதை அதன் முழு உருவத்தில் தெரிகிறது. முன்பக்கம் பை கட்டுபவர்கள் பை விளக்கை மறைக்கிறதா என்று கட்டிய பிறகு பார்க்க வேண்டும்; பை தொங்கும் உயரம் சுமைக்குத் தக்கபடி மாறும்.

ஹப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கரத்தின் அளவுதான் வழிகாட்டி. ஷ்மிட்டின் சன் 28 முழு அளவுச் சக்கரத்துக்காக அமைந்தது; மெதுவான வேகத்திலேயே நல்ல மின்சாரம் தரும். அதன் சகோதரமான சன் டீலக்ஸ் சிறிய சக்கரங்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. சிறிய சக்கரம் அதே வேகத்தில் அதிகச் சுற்றுகள் சுற்றுவதால் அங்கே அதற்குக் குறைவில்லை. அதையே பெரிய சக்கரத்தில் போட்டால் எடையும், மிதிப்பைத் தடுக்கும் இழுவையும் குறையும், கூடவே மெதுவான வேகத்தில் வெளிச்சமும் குறையும். விரைவாக ஓட்டும் சாலைப் பயணிக்கு அது நல்ல பேரம். பெரிய சக்கரத்தில் காட்டு ஏற்றம் ஏறுபவருக்கு அது நஷ்டம். ஷிமானோவின் ஹப்புகளும், தைவானின் எஸ்பி நிறுவனத்தின் ஹப்புகளும் தரமானவையே. அச்சின் தடிமனும் ஃபோர்க்கின் அகலமும் டிஸ்க் பிரேக் பொருத்தும் முறையும் உங்கள் சைக்கிளோடு ஒத்துப்போகின்றனவா என்பதை வாங்கும் முன்பே அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஹப்பைச் சக்கரத்தில் ஸ்போக் கோத்துக் கட்டிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.

இழுவையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவைக்கு அதிகம். ஹப்பின் செயல்திறன் 65 விழுக்காட்டை ஒட்டி இருந்தால், 3 வாட் வெளிச்சத்துக்கு நம் கால் கூடுதலாகத் தருவது 5 வாட்டுக்கும் குறைவு. நிதானமாக ஓட்டுபவரே 100 வாட்டுக்குக் குறையாமல் மிதிப்பார். விளக்கை அணைத்து எரியவைத்து நான் பலமுறை சோதித்திருக்கிறேன். சாலையில் வேறுபாட்டை உணர்ந்ததே இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது காந்தங்கள் விட்டுவிட்டு இழுப்பதை வைத்து ஓட்டும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கம்பிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் டைனமோ விளக்கு அணைந்துபோன எல்லா இரவுகளிலும் குற்றம் கம்பியில்தான் இருந்தது. ஒரு முறை நீண்ட சரளை இறக்கத்தில் முன்விளக்கு ஒரே நொடியில் அணைந்தது. நின்று பார்த்தால், ஹப்பின் முனையில் செருகியிருந்த இணைப்பி அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது அதை முழுவதும் உள்ளே தள்ளாமல் விட்டது என் தவறு. கம்பியை ஃபோர்க்கோடு இறுக்கிக் கட்டும்போது, ஹப்புக்கு அருகில் விரல் நுழையும் அளவு தளர்வாக ஒரு வளைவு விட வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அதிர்வும் இணைப்பியை இழுத்துக்கொண்டே இருக்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க்காக இருந்தால் முழுவதும் அமுங்கும்போதும் நீளும்போதும் கம்பி எங்கும் இழுபடாமலும் டயரைத் தொடாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின்விளக்குக்குப் போகும் கம்பி எங்காவது உரசி, உள்ளிருக்கும் இரு இழைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் முன்விளக்கும் சேர்ந்தே அணையக்கூடும். அப்போது முதலில் பின்விளக்கின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நின்றாலும் சில நிமிடங்கள் எரியும் வசதி சாலையில் கட்டாயம் இருக்க வேண்டும், பின்விளக்கில் குறிப்பாக. சிக்னலில் காலூன்றி நிற்கும்போதுதான் பின்னால் வருபவர் நம்மைக் காண வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் மின்தேக்கி சில நிமிட ஓட்டத்தில் நிரம்பிவிடும். காட்டிலும் அதன் பயனை நான் உணர்ந்திருக்கிறேன்: பஞ்சரான இடத்தில் டியூபைத் தேட முதல் சில நிமிட வெளிச்சத்தை அதுதான் தருகிறது.

கைபேசிக்கு மின்னேற்றம் செய்யும் யுஎஸ்பி வசதியை விளக்கோடு ஒரே நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். இருப்பது அதே சிறிதளவு மின்சாரம்; அதைப் பங்கிட்டால் இரண்டுமே அரைகுறையாகும். பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் டைனமோவை விளக்குக்கு மட்டும் விட்டுவிடுவது நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது. அந்தப் பவர் பேங்கிலிருந்து ஹெல்மெட் விளக்கையும் நிரப்பிக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஏற்றத்தில் எனக்கு வழிகாட்டும் வெளிச்சமும் பகலில் அதே சக்கரம் ஈட்டிக் கொடுத்ததுதான்.

அந்தக் கல் ஏற்றத்துக்குச் சில மாதங்கள் கழித்து மறுபடியும் போனேன். ஃபோர்க்கில் அதே பழைய விளக்கு, ஹெல்மெட்டில் மிகக் குறைந்த அளவில் எரியவைத்த சிறு விளக்கு. பாதி வழியில் டைனமோ முன்புபோலவே துடிக்கத் தொடங்கியது. ஆனால் கற்கள் இந்த முறை அதனதன் இடத்திலேயே இருந்தன, இடப்பக்கம் இரண்டு பாறைகளுக்கு நடுவே டயர் நுழையும் அளவுக்கு ஒரு மண் தடம் இருப்பதும் தெரிந்தது. இறங்காமலேயே ஏறி முடித்தேன்.